ஆறடி ஐந்தங்குலம்

டொராண்டோவில் ஒரு பேஸ்மென்ட் சட்டப்படி வீடாகுமா, ஆகாதா என்பதை இந்த அளவுதான் முடிவு செய்கிறது. அது எங்கிருந்து வந்தது? யாரைக் காக்கிறது? யாரைத் தெருவுக்கு அனுப்புகிறது?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், பழைய வீட்டின் பேஸ்மென்டைத் தனிக் குடித்தனமாக்கி வாடகைக்கு விட நினைப்பவர் வரைபடம் போடுவதற்கு முன்பே அளவு நாடாவோடு கீழே இறங்க வேண்டும். வேலையெல்லாம் முடிந்த பிறகு தரையிலிருந்து சீலிங் வரை 1.95 மீட்டர் நிற்க வேண்டும். நம் கொத்தனார் கணக்கில் சொன்னால் ஆறடி ஐந்தங்குலத்துக்கு இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், குறைவு. அது இருந்தால் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கலாம், மற்ற விதிகளைப் பற்றிப் பேசலாம். இல்லையென்றால் தரையைத் தோண்ட வேண்டும், அல்லது எண்ணத்தைக் கைவிட வேண்டும். மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. யாரிடமும் சொல்லாமல் வாடகைக்கு விட்டுவிடுவது. டொராண்டோவில் பல ஆண்டுகளாக நடந்துவருவது பெரும்பாலும் இந்த மூன்றாவது வழிதான்.

தமிழர்களுக்கு இது எங்கோ தூரதேசத்துச் சட்டச் சங்கதி இல்லை. 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கனடாவுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் டொராண்டோவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும்தான் குடியேறினார்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்ட செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. டொராண்டோவுக்கு வந்து சேர்ந்தவர்கள் முதலில் செயின்ட் ஜேம்ஸ் டவுன் போன்ற அடுக்குமாடிகளிலும், பிறகு நகரின் கிழக்கே ஸ்கார்பரோவிலும் பரவினார்கள். முதலில் வந்த அண்ணன் யாரோ ஒருவர் வீட்டுப் பேஸ்மென்டில் அறை எடுப்பார். தம்பியை அழைப்பார். பிறகு மனைவி, பிள்ளைகள். சில ஆண்டுகளில் அந்தக் குடும்பம் சொந்தமாக வீடு வாங்கும். வங்கித் தவணை கட்டுவதற்காகத் தன் பேஸ்மென்டை அடுத்து வந்தவருக்கு வாடகைக்கு விடும். நேற்றைய குடித்தனக்காரரே இன்றைய வீட்டுக்காரர். இன்று அதே படிகளில் பஞ்சாபிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் படிக்கப் போன பிள்ளைகள் இறங்குகிறார்கள்.

ஆகவே 1.95 என்ற எண்ணைப் பற்றிப் பேசும்போது, ஒரு சமூகம் புது நாட்டில் கால் ஊன்றிய இடத்தைப் பற்றியே பேசுகிறோம்.

பனிக்குப் பயந்து தோண்டிய குழி

டொராண்டோ வீடுகளுக்கு ஏன் பேஸ்மென்ட் இருக்கிறது? குளிர்காலத்தில் அங்கே மண் உறைகிறது. உறையும் ஈரம் விரிந்து மண்ணை மேலே தள்ளும். அந்த உறைமட்டத்துக்குக் கீழே அஸ்திவாரம் உட்காராவிட்டால் சுவர் வெடிக்கும். அந்தப் பகுதியில் உறை ஆழம் சுமார் 1.2 மீட்டர் என்று கணக்கு. நான்கடிக்கு எப்படியும் தோண்டியாக வேண்டும் என்றால், இன்னும் கொஞ்சம் தோண்டி வீட்டுக்கு அடியில் ஓர் அறையே எடுத்துவிடலாம். அப்படி வந்ததுதான் பேஸ்மென்ட். மனிதர் குடியிருப்பதற்காக அதைக் கட்டவில்லை. நிலக்கரி கொட்டவும், உலை எரிக்கவும், உருளைக்கிழங்கு சேமிக்கவும் கட்டினார்கள். உலையிலிருந்து பெருத்த குழாய்கள் நாலாபுறமும் மேலே போகும். அவற்றுக்கு இடையே ஒருவர் குனிந்து நடந்து கரி அள்ளிப் போட்டால் போதும் என்ற அளவுக்குத்தான் உயரம் வைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பதாண்டுகளில் எழுந்த வீடுகளில் ஆறடியைத் தாண்டாத பேஸ்மென்ட்கள் ஏராளம்.

1958ல் மேற்கு மாகாணங்களின் இயற்கை எரிவாயுவைக் கொண்டுவரும் நீண்ட குழாய்த் தடம் ஒன்டாரியோவை எட்டியது. கரி போயிற்று, பெரிய உலை போயிற்று. அலமாரி அளவுக்குச் சின்ன ஃபர்னஸ் வந்தது. கீழே திடீரென்று காலி இடம் கிடைத்தது. அதே காலத்தில் ஸ்கார்பரோவில் வரிசை வரிசையாக எழுந்த ஒற்றை மாடி பங்களாக்களின் பேஸ்மென்ட் ஏழடிக்கு அருகே உயரம் கொண்டிருந்தது. பக்கவாட்டில் ஒரு கதவு. அதைத் திறந்தால் மேலே அடுப்பங்கரைக்கும் கீழே பேஸ்மென்டுக்கும் பிரியும் படிகள். மேல்வீட்டுக்குள் நுழையாமலே கீழே போய்விடலாம். அந்தப் பக்கவாட்டுக் கதவுதான் ஸ்கார்பரோவைக் குடியேறிகளின் ஊராக்கியது என்று சொன்னால் மிகையில்லை.

1911ல் எழுந்த கேள்வி

கீழே மனிதர் வாழலாமா என்ற கேள்வி டொராண்டோவுக்குப் புதிதில்லை. 1911ல் நகரின் சுகாதார அதிகாரி டாக்டர் சார்லஸ் ஹேஸ்டிங்ஸ் நகரச் சேரிகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். நெருக்கடி, இருட்டறை, நிலவறைக் குடித்தனம், நீர் வசதியில்லாத பின்கட்டு வீடு என்று ஒவ்வொன்றையும் அது எடுத்துக்காட்டியது. நகரத்தின் புகைப்படக்காரரான ஆர்தர் காஸ் எடுத்த படங்கள் அந்த வாழ்க்கையை இன்றும் கண்முன் நிறுத்துகின்றன. அந்த வறுமையின் மையம் ‘தி வார்ட்’ என்ற பகுதி. யூதர்கள், இத்தாலியர்கள், சீனர்கள் என்று ஒவ்வோர் அலையாக வந்த குடியேறிகள் ஒதுங்கிய இடம். பின்னாளில் அதன் ஒரு பகுதியை இடித்துத்தான் இன்றைய நகர மண்டபத்தையும் நேதன் ஃபிலிப்ஸ் சதுக்கத்தையும் கட்டினார்கள். அங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள்? நகரத்தின் வேறு மூலைகளில் வேறு மலிவு அறைகளுக்குத்தான்.

அந்தக் காலத்துச் சுகாதாரச் சிந்தனையில் சீலிங் உயரம் என்பது காற்றின் கணக்கு. ஓர் ஆளுக்கு இத்தனை கன அடி காற்று வேண்டும். அறை தாழ்ந்திருந்தால் காற்று கெடும். காற்று கெட்டால் காசநோய் பரவும். ஜன்னல் ஒன்றே காற்றோட்டமாக இருந்த காலத்துக்கு அது சரியான கவலை. இன்றைய வீட்டில் விசிறியும் குழாயும் காற்றை மாற்றுகின்றன. உயரத்துக்குச் சொன்ன பழைய காரணம் தேய்ந்துவிட்டது. எண் மட்டும் நின்றது. அதைக் காக்கப் புதுக் காரணங்கள் தேவைப்பட்டன.

முன்னும் பின்னுமாக ஒரு சட்டம்

1990களின் தொடக்கத்தில் டொராண்டோவைச் சுற்றிய பல ஊர்களில் வீட்டுக்குள் இரண்டாம் குடித்தனம் வைப்பதே குற்றம். வைத்தவர்கள் வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1994ல் பாப் ரே தலைமையிலான மாகாண அரசு, வீட்டு வசதி அமைச்சர் எவலின் ஜிகாண்டஸ் கொண்டுவந்த 120ஆம் மசோதா மூலம் இதை மாற்றியது. தனி வீட்டில் இரண்டாவது குடியிருப்பு வைப்பது உரிமையாயிற்று. ஊராட்சி தடுக்க முடியாது. பாதுகாப்பு விதிகள் மட்டும் நிறைவேற வேண்டும். அதே ஆண்டில் மாகாணத் தீப்பாதுகாப்பு விதித்தொகுப்பில் இரு குடியிருப்பு வீடுகளுக்கென்று ஒரு பகுதி சேர்ந்தது. என் பார்வையில், நிலக்கீழ் வீட்டில் இருப்பவரையும் ஒரு குடிமகராக மதித்த முதல் சட்டம் அது.

அது நீடிக்கவில்லை. 1995ல் மைக் ஹாரிஸ் ஆட்சிக்கு வந்தார். அடுத்த ஆண்டே அந்த உரிமை ரத்தாயிற்று. 1995 நவம்பர் 16 அன்று இருந்த நிலக்கீழ் வீடுகள் மட்டும் தப்பித்துக்கொண்டன. அதற்குப் பிறகு வந்தவை அந்தந்த ஊராட்சியின் தயவில். ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு பேஸ்மென்ட்கள், ஒரே அளவு, ஒரே பக்கவாட்டுக் கதவு. ஒன்று சட்டப்படியானது, மற்றது சட்டவிரோதம். வித்தியாசம் ஒரு தேதி. ஸ்கார்பரோ டொராண்டோவோடு இணைந்த பிறகு, 2000த்தில் நகரம் முழுமைக்கும் இரண்டாம் குடியிருப்பை அனுமதிக்கும் துணைவிதி வந்தது. 2012 ஜனவரி 1 முதல் எல்லா ஊராட்சிகளும் அனுமதிக்கும் விதிகளை வகுக்க வேண்டும் என்று மாகாணம் கட்டாயமாக்கியது. 2022ல் 23ஆம் மசோதா, நகர்ப்புறக் குடியிருப்பு மனை ஒன்றில் மூன்று குடியிருப்புகள் வரை உரிமை என்றது.

இப்படி மனைச் சட்டம் ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டே வந்தது. மிஞ்சிய கதவு கட்டட விதி. அதன் நிலைச்சட்டம் ஆறடி ஐந்தங்குலத்தில் நிற்கிறது.

அங்குலங்களைத் தின்பது யார்?

புதிதாகக் கட்டும் வீட்டுப் பேஸ்மென்டுக்கு ஒன்டாரியோ விதி கேட்பது, தேவையான பரப்பில் முக்கால் பங்குக்கு 2.1 மீட்டர், விட்டத்துக்கும் காற்றுக் குழாய்க்கும் அடியில் 1.95. பழைய வீட்டைப் பிடித்து இந்த அளவைக் கேட்டால் பாதி நகரம் தேறாது. அதனால் விதித்தொகுப்பின் 11ஆம் பகுதி, ஐந்தாண்டுக்கு மேற்பட்ட வீடுகளுக்கு ஒரு மாற்று தருகிறது. தேவையான பரப்பு முழுதும் 1.95 மீட்டர், அங்கிருந்து வெளியேறும் வழி நெடுகிலும் அதே 1.95. மாடிக்கு மேல் சாய்கூரையடி அறைகளுக்கு வேறு கணக்கு: பாதிப் பரப்பில் 2.03 மீட்டர் இருந்தால் போதும், 1.4 மீட்டருக்குத் தாழ்ந்த மூலைகள் பரப்பாகவே எண்ணப்படா. கனடா நாட்டு மாதிரி விதித்தொகுப்பும் 2010 பதிப்பில் இரண்டாம் குடியிருப்புக்கு 1.95 என்றது; விட்டத்துக்கும் குழாய்க்கும் அடியில் 1.85 போதும் என்று இளக்கியது.

இந்த அளவுகளில் எது பேஸ்மென்டின் தலையெழுத்தை மாற்றும் என்று கேட்டால், ‘வெளியேறும் வழி’ என்ற சொற்கள்தான் என்பேன். ஃபர்னஸின் பிரதான டக்ட் பொதுவாக வீட்டின் நடுவிட்டத்தை ஒட்டியே நீளவாக்கில் ஓடும். படுக்கையறையிலிருந்து படிக்கட்டுக்குப் போகிறவர் எங்காவது அதைக் கடந்தே ஆக வேண்டும். அறையெல்லாம் ஏழடி இருந்தும், குறுக்கே போகும் அந்த ஒரு குழாய்க்கடியில் ஆறடி மூன்றங்குலம் என்றால் வீடு தேறாது. அனுபவப்பட்ட கான்ட்ராக்டர்கள் குழாயைத் தட்டையாக அகலப்படுத்துவார்கள், சுவரோரமாக ஒதுக்குவார்கள், அல்லது நடைவழியையே மாற்றி வரைவார்கள்.

இன்னொரு சிக்கல் பலருக்கும் வேலை பாதியில் இருக்கும்போதுதான் புரிகிறது. தீ விதியும் உயர விதியும் ஒரே அங்குலங்களுக்குப் போட்டி போடுகின்றன. கணக்குப் போட்டே பார்க்கலாம். கான்கிரீட் தளத்திலிருந்து மேல்தளத்து மரச் சட்டங்களின் அடிப்பாகம் வரை 80 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். ஈரம் ஏறாத தரைப் பலகையும் மேல்விரிப்பும் சேர்ந்து ஒன்றரை அங்குலம் தின்னும். மேலும் கீழும் உள்ள குடியிருப்புகளுக்கு நடுவே தீயை 30 நிமிடம் தடுத்து நிறுத்தும் அடைப்பு வேண்டும். அதற்கு உலோகப் பட்டை அரை அங்குலம், அதில் அடிக்கும் தடித்த டிரைவால் பலகை ஐந்து நூல். மிஞ்சுவது 77 அங்குலத்துக்கு மேல், அதாவது 1.96 மீட்டர். தேறிவிடும். 79 அங்குலத்தில் தொடங்கினால் 1.94. ஒரு சென்டிமீட்டர் போதாது.

ஆனால் அதே விதித்தொகுப்பு ஒரு வாசலையும் வைத்திருக்கிறது. இரண்டு குடியிருப்புகளிலும் உள்ள புகை அலாரங்களை ஒன்றோடொன்று இணைத்து, ஓரிடத்தில் புகை வந்தால் எல்லாமே அலறும்படி செய்தால், 15 நிமிட அடைப்பே போதும் என்கிறது. அப்போது ஏற்கெனவே இருக்கும் அரை அங்குலப் பலகையை நேராகச் சட்டத்திலேயே நிறுத்திக்கொள்ள இடமுண்டு. அதே 79 அங்குலப் பேஸ்மென்ட் 1.955 மீட்டருக்கு வந்து தேறிவிடும். கீழே தூங்குகிறவரைப் பலகையின் தடிமனைவிட முன்கூட்டியே எழுப்பிவிடும் அலாரம் நன்றாகக் காப்பாற்றும் என்பதே இதன் பின்னுள்ள நியாயம். விதி எழுதியவர்கள் கட்டடத்தை மட்டும் பார்க்கவில்லை, கட்டிலில் படுத்திருப்பவரையும் பார்த்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும் இடம் இது.

உயரம் எதற்கு?

உலகம் முழுவதும் ஒரே எண் இல்லை. இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு குடியிருக்கும் அறைக்கு 2.75 மீட்டர் கேட்கிறது. குளிரூட்டிய அறைக்கு 2.4. சூடான காற்று மேலேறித் தலைக்கு மேல் நிற்க இடம் வேண்டும், சுழலும் மின்விசிறிக்கும் தலைக்கும் இடைவெளி வேண்டும் என்ற நம் ஊர் வெயிலுக்கு ஏற்ற கணக்கு அது. ஜப்பானில் 2.1 மீட்டர். நியூயார்க்கில் ஓரிரு குடும்ப வீடுகளின் பேஸ்மென்டுக்கு ஏழடி. இங்கிலாந்து 1985ல் அறை உயரத்துக்கான குறைந்தபட்ச அளவையே கட்டட விதியிலிருந்து எடுத்துவிட்டது. அங்கே கூரையடி மச்சை அறையாக்குகிறவர்களை இன்று கட்டுப்படுத்துவது படிக்கட்டு. தலைக்கு மேல் இரண்டு மீட்டர், இடம் போதாத மச்சுப் படியில் நடுவே 1.9, ஓரத்தில் 1.8. லண்டனின் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் தமிழ்க் குடும்பங்கள் மச்சை மாற்றும்போது இந்த அளவுகளோடுதான் மல்லாடுகின்றன. பலர் பகிர்ந்து வாழும் வாடகை வீடுகளுக்கு மட்டும், ஒன்றரை மீட்டருக்குத் தாழ்ந்த இடத்தை அறைப் பரப்பில் சேர்க்கக்கூடாது என்று 2018ல் இங்கிலாந்து விதித்தது. அது வாடகைக்காரருக்காக எழுதிய விதி. மச்சின் சரிவில் ஒரு மெத்தையைச் செருகிவிட்டு ‘அறை’ என்று பணம் வாங்குவதை அது தடுக்கிறது.

குளிர்நாட்டில் தாழ்ந்த சீலிங் ஒருவகையில் வசதிதான். சூடாக்கும் செலவு குறையும். அப்படியானால் 1.95க்கும் கீழே போனால் என்ன? போகக்கூடாது என்பதே என் கருத்து. ஐந்தடி பத்தங்குலம் உயரமுள்ள ஒருவர் சட்டை போடக் கையை உயர்த்தினாலே 1.95ல் சீலிங் இடிக்கும். விளக்கு தொங்கவிட முடியாது. பிள்ளைகளுக்கு இரட்டை அடுக்குக் கட்டில் போட்டால் மேலே படுப்பவன் எழுந்து உட்கார முடியாது. ஓராண்டு, ஈராண்டு என்று வருகிற குடும்பம் பல நேரம் பத்தாண்டு தங்குகிறது. ஒரு பிள்ளை தவழத் தொடங்கிய அறையிலேயே மீசை முளைக்கும் வயதையும் எட்டுகிறது. இன்னொரு காரணமும் இருக்கிறது. புகை மேலிருந்து கீழே நிரம்பும். சீலிங் தாழத் தாழ, நின்று நடந்து தப்புவதற்குக் கிடைக்கும் நேரம் சுருங்கும். இன்றைக்கும் உயரம் உயிரோடு சம்பந்தப்பட்டிருப்பது இந்த இடத்தில்தான்.

தண்ணீரும் புகையும்

2021 செப்டம்பர் 1 இரவு, ஐடா புயலின் எச்சம் நியூயார்க் நகரின் மேல் கொட்டித் தீர்த்தது. சென்ட்ரல் பார்க்கில் ஒரே மணி நேரத்தில் மூன்று அங்குலத்துக்கு மேல் மழை. நகருக்குள் 13 பேர் இறந்தார்கள். அவர்களில் 11 பேர் பேஸ்மென்ட் வீடுகளில் இருந்தவர்கள். அவர்களைக் கொன்றது சீலிங் உயரம் இல்லை. வெளியே போக ஒரே வழி இருந்து, அந்த வழியிலேயே தண்ணீர் வந்ததுதான் கொன்றது. அதற்கு இரண்டாண்டு முன்னர், 2019ல், ஈஸ்ட் நியூயார்க் பகுதியில் பேஸ்மென்ட்களைச் சட்டப்படியாக்க ஒரு முன்னோட்டத் திட்டம் தொடங்கியிருந்தார்கள். உயரமும் வாசலும் செலவும் சேர்ந்து, கடைசியில் மிகச் சில வீடுகளே பயன்பெற்றன. தேறாத வீடுகளில் இருந்தவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள். விதியின் கண்ணுக்கு மட்டும் அவர்கள் இல்லாமல் போனார்கள்.

டொராண்டோவும் தண்ணீரை அறியும். 2013 ஜூலை 8 அன்று விமான நிலையத்தில் 126 மில்லிமீட்டர் மழை பதிவானது. 2024 ஜூலை 16 அன்று சில மணி நேரத்தில் 98 மில்லிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. இரண்டு முறையும் சாக்கடை எதிர்த்து வந்து பேஸ்மென்ட்கள் நிரம்பின. கழிவுநீர் திரும்பி ஏறாமல் தடுக்கும் வால்வும், ஊற்றை வெளியே தள்ளும் சம்ப் பம்ப்பும் பொருத்த நகரம் மானியம் தருகிறது. ஆனால் விண்ணப்பிக்க வேண்டியவர் வீட்டுக்காரர். நனைவது குடித்தனக்காரரின் மெத்தை.

தீ விதிகளில் குடியிருப்பவர் தம் கண்ணாலேயே சரிபார்க்கக்கூடிய ஒன்று ஜன்னல். தப்பும் வழியாகக் கணக்கில் சேர வேண்டுமானால் அது உள்ளிருந்து கருவியில்லாமல் திறக்க வேண்டும்; திறந்த இடம் 0.35 சதுர மீட்டர் இருக்க வேண்டும். அகலமோ உயரமோ 380 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. ஜன்னலுக்கு வெளியே மண்ணில் வெட்டிய குழி இருந்தால், ஏறி வெளியே வர 550 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். திருடனுக்குப் பயந்து அடித்த இரும்புக் கம்பி, உள்ளிருப்பவருக்குச் சிறையாகிவிடும். ஒரே ஃபர்னஸ் மேலுக்கும் கீழுக்கும் காற்று அனுப்பினால், குழாய்க்குள் புகை தெரிந்ததும் விசிறியை நிறுத்திவிடும் உணர்கருவியும் வேண்டும். இல்லாவிட்டால் கீழே பிடித்த தீயின் புகையை ஃபர்னஸே மேலே தூங்கும் குழந்தைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

சுவருக்கடியில் தோண்டுவது

உயரம் போதாத வீட்டுக்கு வழி ‘அண்டர்பின்னிங்’. அஸ்திவாரத்துக்கு அடியிலேயே தோண்டி, அதற்குக் கீழே புது அஸ்திவாரம் போடுவது. ஒரேயடியாகத் தோண்டினால் வீடு இறங்கிவிடும். அதனால் சுவர் நெடுகிலும் மூன்று நான்கடித் துண்டுகளாகப் பிரித்து எண் போடுவார்கள். முதலில் ஒன்றாம் எண் துண்டுகள் மட்டும். அவை ஒன்றையொன்று தொட்டிருக்காது. தோண்டி, கான்கிரீட் வார்த்து, இறுகவிட்டு, பழைய அஸ்திவாரத்துக்கும் புதியதுக்கும் இடையே மிஞ்சும் இடுக்கில் சுருங்காத காரையை இறுகத் திணித்த பிறகுதான் இரண்டாம் எண். கடைசித் துண்டு முடிந்த பிறகே நடுத்தரை இறங்கும். கூடவே தரைக்கடிச் சாக்கடைக் குழாயும் இறங்க வேண்டும். பொறியாளர் வரைபடமும் நகராட்சிப் பெர்மிட்டும் இல்லாமல் இதில் கை வைக்கக்கூடாது. பொதுச்சுவர் உள்ள இரட்டை வீடு என்றால் பக்கத்து வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். அவர் மறுத்தால் சுவரோரம் மண்ணைத் திண்ணை போல விட்டு, அதன் மேல் கான்கிரீட் கட்டி, நடுவில் மட்டும் ஆழப்படுத்துவார்கள். உயரம் கிடைக்கும், அகலம் போகும்.

இதற்கு ஆகும் செலவு பல பத்தாயிரம் டாலர்கள். 2025 ஜனவரி 15 முதல், இரண்டாம் குடியிருப்பு சேர்க்கும் வீட்டுக்காரர் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை காப்பீட்டோடு மறுகடன் எடுக்க மத்திய அரசு வழிசெய்திருக்கிறது. வருமானம் உறுதியாக உள்ளவருக்கு அது உதவும். இரண்டு வேலை பார்த்து, பேஸ்மென்ட் வாடகையை நம்பித் தவணை கட்டுகிறவர், அந்த வாடகை பல மாதம் நின்றுபோகும்போது எதை வைத்துக் கட்டுவார்?

புகார் செய்யப் பயப்படும் வீடு

இங்கேதான் இந்த விதியோடு எனக்குள்ள வழக்கு. அளவின் மீது எனக்குப் புகார் இல்லை. பழைய வீட்டுக்கு 1.95 என்பது யோசித்து எழுதிய எண். ஆனால் விதியைச் செயல்படுத்தும் முறை, ஆபத்தான பேஸ்மென்டையும் தாழ்ந்த பேஸ்மென்டையும் ஒரே கண்ணால் பார்க்கிறது. அலாரம் இல்லாத வீட்டில் இருக்கும் ஒரு பெண், நகராட்சியை அழைத்தால் அலாரம் வருமா, அல்லது இன்ஸ்பெக்டர் நாடாவை நீட்டி ஆறடி மூன்றங்குலம் என்று எழுதிக்கொண்டு, வீடே போய்விடுமா? இந்தச் சந்தேகம் உள்ளவரை அவர் அழைக்க மாட்டார். ஜன்னலை உடைத்துப் பெரிதாக்கினால் வெளியே தெரிந்துவிடும் என்று வீட்டுக்காரரும் அதைத் தொட மாட்டார். இரண்டு அங்குலத்துக்குப் பயந்து, உயிரைக் காக்கும் வேலைகள் அத்தனையும் தள்ளிப்போகின்றன.

உயர அளவையும் உயிர்ப் பாதுகாப்பையும் பிரிக்க முடியும். அலாரம், தப்பும் வழி, மின்சாரம், எரிவாயு ஆகியவற்றைச் சரிபார்க்க வருகிறவர் அவற்றை மட்டும் சரிபார்க்கட்டும். குறை இருந்தால் சில நாட்களுக்குள் சரிசெய்ய உத்தரவிடட்டும். உயரக் குறைவை மட்டும் காட்டி, மற்றெல்லாம் சரியாக உள்ள வீட்டைக் காலி செய்யச் சொல்லாமல், தோண்டுவதற்கு ஆண்டுக்கணக்கில் அவகாசமும் குறைந்த வட்டிக் கடனும் தரட்டும். உடனடியாக உயிருக்கு ஆபத்து என்று தீயணைப்புத் துறை கண்டால் அன்றைக்கே மூடலாம். அந்த அதிகாரம் அப்படியே இருக்கட்டும். அந்த இரவு குடும்பம் எங்கே படுக்கும் என்பதையும் அதே உத்தரவு சொல்லட்டும்.

அதுவரை குடித்தனக்காரருக்குச் சட்டத்தில் உள்ள பாதுகாப்பாவது அவருக்குத் தெரிய வேண்டும். பேஸ்மென்ட் பதிவாகாதது என்பதால் அவர் உரிமையற்றவர் ஆகிவிடுவதில்லை. 2006ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டம் அவருக்கும் பொருந்தும். வாய்ச்சொல்லில் ‘மாதக் கடைசியில் காலி செய்’ என்று யாரும் அனுப்ப முடியாது. உயரம் கூட்டும் வேலைக்காக வீடு காலியாக வேண்டுமென்றால் என்-13 என்ற படிவத்தில் 120 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். வேலை முடிந்ததும் அதே வீட்டுக்குத் திரும்பிவரும் முன்னுரிமை குடித்தனக்காரருக்கு உண்டு. காலி செய்யாமலே இருந்திருந்தால் எவ்வளவு வாடகை கேட்டிருக்க முடியுமோ அதற்கு மேல் கேட்கக்கூடாது. ஆனால் திரும்பிவர விருப்பம் என்பதை வீட்டை விட்டுப் போவதற்கு முன்பே எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காமல் சாவியை ஒப்படைத்தால் அந்த உரிமை போயிற்று. ஸ்கார்பரோவில் பேஸ்மென்டுக்குப் பெர்மிட் கேட்டு வரும் ஒவ்வொரு விண்ணப்பத்தோடும், கீழே குடியிருப்பவர் கையில் தமிழிலோ பஞ்சாபியிலோ இந்த உரிமைகளை எழுதிய ஒரு பக்கத்தை நகராட்சி கொடுத்துவிட்டால் போதும். அதற்கு எந்தச் சுவருக்கடியிலும் தோண்ட வேண்டியதில்லை.